முப்பது வீட்டுப் பிடி அரிசி

குக்கர் ஆறாவது விசில் அடித்தது. தமிழரசி அடுப்பை அணைத்தாள். ஆவி அடங்கும்வரை நின்று மூடியைத் திறந்தாள்.

பாதி குழைந்திருந்தது. பாதி வேகவே இல்லை.

ஒரு பருக்கையைக் கடித்தாள். பல் கூசியது. பக்கத்துப் பருக்கையைத் தொட்டாள். பசைபோல விரலில் ஒட்டியது.

"என்னளா, வெந்துட்டா?" ஹாலிலிருந்து துரைசாமி கேட்டார்.

"வந்து பாருங்க."

துரைசாமி துறைமுக அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். கரண்டியால் கிண்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி கிண்டினார்.

"ஒரே பானையில பரலோகமும் நரகமும் இருக்கு" என்றார்.

"சிரிக்காதிய. நாளைக்கு நூத்தி இருபது பேருக்கு இதைத்தான் வடிக்கணும்."

"இதையா?"

"இதையேதான்."

கல்கத்தா பவானிபூர் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் முப்பது குடும்பங்கள். வீட்டுக்கு ஒரு டப்பா. சோற்றுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடவேண்டும். போடும்போது ஒரு வரி ஜெபம். அந்த வேளை வீட்டில் ஒரு பிடிச் சோறு குறையும். அந்தக் குறைவுதான் காணிக்கை. மூன்றாம் ஞாயிறு டப்பாக்கள் கோயிலுக்கு வந்து ஒரே சாக்கில் கொட்டப்படும். நான்காம் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், நிமாய் தன் சைக்கிள் வண்டியில் சாக்கை ஏற்றிக் காளிகாட்டில் ஆதரவற்ற பெண்கள் பதினெட்டு பேர் இருக்கும் இல்லத்துக்குக் கொண்டுபோவான்.

ஊரில் இதில் சிக்கல் கிடையாது. ஒரு ஊருக்கு ஒரு அரிசி. கல்கத்தாவில் வீட்டுக்கு ஒரு அரிசி. லேக் மார்க்கெட் பொன்னி, மினிகேட், வாசனைக் கோபிந்தோபோக், ரேஷன் புழுங்கல். எல்லாம் ஒரே சாக்கில். ஒன்று வேகும்போது இன்னொன்று கரையும்.

சபையார் வருஷக்கணக்காகக் கொடுத்து வந்தார்கள். யாரும் சமைத்துப் பார்த்ததில்லை.

சிக்கல் போன மாதம் தொடங்கியது. மாதர் சங்கத் தலைவி சுந்தரவல்லி எழுந்து, பிடி அரிசியை நிறுத்திவிடலாம் என்றாள்.

"இந்தக் காலத்துல யாரு டப்பாவைத் தூக்கிட்டு வாரா? வாசல்ல ஒரு க்யூ.ஆர். அட்டையை ஒட்டுவோம். போனைக் காட்டினா முடிஞ்சுது."

"போனுலருந்து போகும். நம்ம வயித்துலருந்து ஒண்ணும் போகாதே, அக்கா" என்றாள் தமிழரசி.

"ஏ தமிழு, அந்த அரிசியைக் கண்ணால பாத்தியா நீ? அது கழிசல்."

"கழிசல்னா எதுக்குக் குடுக்கோம்? நாம தின்னாததை அந்தப் பொம்பளைங்க மட்டும் திங்கணுமா?"

"அப்ப நீ தின்னு காட்டு."

"காட்டுதேன். நான் மட்டுமில்ல. உக்கிராணத்துவ ஞாயித்துக்கிழமை சபையே தின்னும். சபை சேந்து சாப்பிடுற அசனத்துக்குப் பிடி அரிசிச் சோறு. இல்லத்துப் பொம்பளைங்களும் நம்ம கூட உக்காந்து சாப்பிடட்டும்."

போதகர் எபனேசருக்கு அது பிடித்துப்போயிற்று. கடவுள் தந்ததைப் பொறுப்பாய்க் கையாள்வது பற்றிய அந்த ஞாயிறு பிரசங்கத்துக்கு அவருக்கு உதாரணம் ஒன்று தேவைப்பட்டது.

"சரி" என்றாள் சுந்தரவல்லி. "சோறு சரியா வரலைன்னா மறுநாளே அட்டையை ஒட்டிருவேன். சம்மதமா?"

"சம்மதம்."

அந்த மறுநாளுக்கு முந்திய நாளுக்கும் முந்திய நாள் இது. சனிக்கிழமை காலை. நிமாய் சாக்கை இரண்டு மாடி ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"ஹோமுக்கு இல்லையா, பௌதி?" என்று மட்டும் கேட்டான். வங்காளத்தில் அண்ணிமாரை அழைக்கும் அந்தப் பௌதியை அவன் சபைப் பெண்கள் எல்லாருக்கும் வைத்திருந்தான்.

"நாளைக்கு நீ எப்பவும்போல கோயிலுக்கு வா" என்று அனுப்பினாள்.

இப்போது குக்கர் திறந்து கிடந்தது.

தமிழரசி போனை எடுத்தாள். குக்கரைப் படம்பிடித்தாள். சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: 'இதில் வேகாதது யார் வீட்டு அரிசி? தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி தண்ணீர் வைக்கலாம்.'

"ஏளா, என்ன காரியம் பண்ணிட்ட?" என்றார் துரைசாமி.

"ஏன்? கேட்டாத்தானே தெரியும்?"

நாகரத்தினம் அண்ணாச்சி முதலில் பதில் போட்டார். 'எங்கள் வீட்டில் பாஸ்மதி மட்டுமே.' ஜெபசெல்வி: 'எங்கள் வீட்டில் கோபிந்தோபோக்.' கிருபா: 'நாங்கள் ஊரிலிருந்து வரவழைக்கிறோம்.' இருபத்தேழு பேர் அடுத்தடுத்து எழுதினார்கள். ஒருவர் வீட்டில்கூடக் கழிசல் இல்லை. பிறகு, மற்றவர்களைக் குற்றம் சொல்லக் கூடாது என்ற கருத்தில் வசனங்கள் வரத் தொடங்கின. கூப்பிய கைகள். புறாக்கள். ஒருவர் குழுவைவிட்டு வெளியேறினார்.

"எல்லாரும் ராஜ அரிசி திங்காங்க. அப்ப இது எங்கேருந்து வந்துது?" என்றாள் தமிழரசி.

"கேட்டு எழுதிராத" என்றார் துரைசாமி.

சுளகை எடுத்தாள். பெரிய அரிசி ஒரு பக்கம், சின்ன அரிசி ஒரு பக்கம். துரைசாமியும் உட்கார்ந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் மீராவும் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் மூன்று பேரும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ பிரித்தார்கள்.

"சாக்குல எவ்வளவு இருக்கு?" மீரா கேட்டாள்.

"முப்பது கிலோ."

துரைசாமி மனசுக்குள் கணக்குப் போட்டார். "ராவும் பகலும் பிரிச்சா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம். ஆனா, சமைக்க நேரம் இருக்காது."

தமிழரசி சுளகைக் கீழே வைத்தாள். கண்ணை மூடினாள். வீட்டில் இருப்பவர்களும் மூடவேண்டியதாயிற்று.

"ஆண்டவரே, ஐந்து அப்பத்தைப் பெருக்கினீர். நான் பெருக்கக் கேட்கவில்லை. பெருக்கினால் வைக்க இடமும் இல்லை. வேகப்பண்ணும். அது போதும்."

"ஆமென்" என்றார் துரைசாமி.

கண் திறந்ததும் தமிழரசிக்கு வழி தெரிந்தது. "ஊறப் போடுவோம். ஊறினா எந்த அரிசியும் ஒண்ணுதான்."

வாளி, அண்டா, குளிக்கிற தொட்டி, குழம்புப் பானை எல்லாவற்றிலும் அரிசி விழுந்தது. தண்ணீர் விட்டார்கள். வண்டு மிதந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு விட்டார்கள். மறுபடி வண்டு. அதையும் கொட்டினார்கள். ஏழாவது முறை குழாய் இருமியது. எட்டாவது முறை ஒன்றும் வரவில்லை.

மூன்று நிமிஷத்தில் கதவு இடிபட்டது.

சுந்தரவல்லி நின்றிருந்தாள். தரைத்தளத்து வீடு அவளுடையது. தலை முழுக்க ஷாம்பு நுரை. ஒரு கண் மூடியிருந்தது.

"யாரு தண்ணியைக் காலி பண்ணுனது? மாடித் தொட்டியில ஒரு சொட்டு இல்ல!"

"உள்ள வாங்க, அக்கா."

"எதுக்கு உள்ள வரணும்?" என்றவள் உள்ளே வந்தாள். திறந்திருந்த கண்ணால் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வாளி பார்த்தாள். தொட்டி பார்த்தாள். பானை பார்த்தாள். குக்கரைப் பார்த்தபோது மூடியிருந்த கண்ணும் திறந்துகொண்டது.

"வேகல. அப்படித்தானே?"

தமிழரசி குக்கரை மூடினாள்.

"அடம்பிடிக்காத, தமிழு. நூத்தி இருபது பேரு பசியோட உக்காருவாங்க. அதுல பதினெட்டு பேரு கிழவிங்க. பல்லு கிடையாது. நான் கரியாஹாட்ல பிரியாணி சொல்லிருதேன். உருளைக்கிழங்கு போட்டது. நீ 'என்னால முடியல'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

"அட்டை?"

"அட்டை திங்கக்கிழமை."

"அக்கா, உங்களுக்குத் தலை அலசத் தண்ணி வேணுமா?"

"வேணும்."

தமிழரசி ஒரு வாளியில் இருந்த அரிசியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுத்தாள்.

"அரிசி களைஞ்ச தண்ணி. முடிக்கு நல்லது. பிரியாணி வேண்டாம்."

சுந்தரவல்லி வாளியோடு இறங்கிப் போனாள். படியெங்கும் நுரை.

துரைசாமி கதவைச் சாத்தினார். "ஏளா, கிழவிங்க விஷயம் அவ சொன்னது நியாயம்தான்."

"நியாயம்தான். அதுக்காகத்தான் வேகணும்."

"அம்மா, கிச்சுரி பண்ணிடு" என்றாள் மீரா. "அரிசியும் பருப்பும் சேத்துக் கொழகொழன்னு. பூஜா டைம்ல அண்டா அண்டாவா பண்றாங்க. யாராவது பருக்கையை எண்ணுறாங்களா?"

"பூஜைச் சாப்பாட்டைக் கோயில்ல போடச் சொல்லுதியா?"

"பருப்பு எந்தச் சபைன்னு யாரும்மா கேக்கப் போறா?"

தமிழரசி பையை எடுத்தாள்.

தெருமுனையில் மண்டல் கடை. தமிழரசி அங்கே வாங்குவதில்லை. அவளுக்குப் பொன்னியும் பருப்பும் லேக் மார்க்கெட். இன்று நேரமில்லை. பத்துக் கிலோ பாசிப்பருப்பு கேட்டாள். மண்டல் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சர்ச் பௌதிதானே? உங்க ஆளுங்க எல்லாரும் மாசம் தவறாம வருவாங்க. நீங்க மட்டும்தான் வந்ததே இல்ல."

"இனிமே வாரேன்" என்றாள். இத்தனை நல்ல அரிசி தின்கிறவர்கள் இங்கே என்ன வாங்குகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. தராசில் பருப்பு ஏறியதும் மறந்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோயில் முற்றத்தில் இரண்டு அண்டா ஏறியது. முப்பது கிலோவும் ஊறிவிட்டதால் முப்பது கிலோவையும் போட்டாகவேண்டும். எடுத்து வைக்க வழியில்லை. ஏழு மணிக்குக் குழைய வேண்டியது குழைந்தது. எட்டு மணிக்கு அடி பிடித்தது. ஒன்பது மணிக்கு ஒரு பருக்கையை எடுத்துக் கடித்தாள். கடிபட்டது.

"இன்னும் ஒரு மணி நேரம்" என்றாள்.

பத்து மணிக்கும் கடிபட்டது.

உள்ளே போதகர் உக்கிராணக்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "நம்மிடம் இருப்பது எதுவும் நம்முடையதல்ல" என்றார். "நாம் கைமாற்றி விடுகிறவர்கள் மட்டுமே." ஜன்னல் வழியே தீய்ந்த வாசனை போயிற்று. அவர் இரண்டு முறை இருமிவிட்டுத் தொடர்ந்தார்.

தமிழரசி அகப்பையைச் சுழற்றிக்கொண்டே முணுமுணுத்தாள். "ஆண்டவரே, இஞ்சி போட்டேன். நெய் போட்டேன். என் பங்கு முடிந்தது. உம்முடைய பங்கைப் பாரும்."

பதினொன்றரைக்கு இல்லத்துப் பெண்கள் வந்தார்கள். பதினெட்டு பேரும் வெளுத்த புடவையில். கூட வந்த பொறுப்பாளர் சாதனா எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்தாள். சபையார் எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

தமிழரசி முதலில் பல்லில்லாத கிழவிகளுக்கு ஊற்றினாள். மேலோடு எடுத்தது, நன்றாகக் குழைந்தது. அவர்கள் மெல்லவில்லை. குடித்தார்கள். ஒரு கிழவி இலையை வழித்துவிட்டு மறுபடி காட்டினாள். தமிழரசிக்கு மூச்சு வந்தது.

பிறகு எதிர்வரிசைக்குத் திரும்பினாள். அடியில் இருந்தது அந்த வரிசைக்கு.

"எனக்குக் கொஞ்சமா" என்றார் நாகரத்தினம் அண்ணாச்சி.

"ஏன் அண்ணாச்சி? உங்க பாஸ்மதியும் இதுலதான் இருக்கு." இரண்டு அகப்பை விழுந்தது.

"எனக்குச் சுகர்" என்றாள் ஜெபசெல்வி.

"கோபிந்தோபோக் சுகருக்கு ஒண்ணும் செய்யாது." இரண்டு அகப்பை.

சபை சாப்பிட்டது. நூறு வாய்கள் மெல்லும் சத்தம் கேட்டது. நடுநடுவே 'கடக்' என்று ஒரு சத்தம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவரும் பக்கத்து இலையைப் பார்க்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்து, தண்டனை அனுபவிக்கிறவர்கள் மாதிரி, கடைசிப் பருக்கைவரை தின்றார்கள். சபையில் இவ்வளவு தாழ்மையைப் போதகர் பார்த்ததில்லை. அவர் கண் கலங்கியது.

'கடக்.'

சுந்தரவல்லி தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

"இன்னும் கொஞ்சம்?"

சுந்தரவல்லி அண்ணாந்து பார்த்தாள். தமிழரசியின் அகப்பை தயாராக நின்றது.

"போடு" என்றாள்.

தமிழரசி சாதனாவிடம் போனாள். தெரிந்த வங்காள மொழியில் கேட்டாள். "இத்தனை வருஷமா நாங்க குடுக்கிற அரிசி எப்படி, தீதி? ஒளிக்காம சொல்லுங்க."

சாதனா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க அரிசியாலதான் நாங்க சாப்பிடறோம், பௌதி. கடவுள் சத்தியமா."

அதற்குமேல் தமிழரசிக்கு என்ன வேண்டும்? நேராகப் போய் முற்றத்துப் படியில் ஏறி நின்றாள். கையில் அகப்பை இருந்தது.

"எல்லாரும் கேளுங்க. வெந்ததோ வேகலையோ, நாம குடுத்ததை நாமளே தின்னோம். இனி மாசாமாசம் இப்படித்தான். மூணாம் ஞாயிறு எல்லாரும் கொண்டு வாங்க. நாலாம் ஞாயிறு நான் சமைக்கேன். இல்லத்துக்காரங்களும் வருவாங்க, நாமளும் உக்காருவோம். நல்ல அரிசி கொண்டு வந்தா நல்ல சோறு. கழிசல் கொண்டு வந்தா கழிசல் சோறு. அட்டை கிட்டை கிடையாது. யாருக்காவது மறுப்பு இருந்தா இப்பவே எந்திரிச்சுச் சொல்லுங்க."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கனத்த வயிறு ஒரு காரணம். வேறு காரணமும் இருப்பதுபோல எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"அக்கா?"

"எனக்கென்ன மறுப்பு?" என்றாள் சுந்தரவல்லி, தாடையிலிருந்து கையை எடுக்காமல்.

மிச்சம் முக்கால் அண்டா இருந்தது. தமிழரசி வீணாக்குகிறவள் அல்ல. அவரவர் பிடி அரிசி டப்பாவை எடுத்து, கிச்சுரியை நிரப்பி, மூடியை அழுத்தி, அவரவர் கையில் கொடுத்தாள். முப்பது குடும்பமும் வாங்கிக்கொண்டது. சிலர் தோத்திரம் சொன்னார்கள்.

கடைசி ஆள் போனதும் துரைசாமி அண்டாவைச் சாய்த்துக் கழுவத் தொடங்கினார். "ஏளா, ஜெயிச்சுட்ட" என்றார்.

"நானா? கர்த்தர்."

"அவரு பதினோரு மணிக்குமேலதான் வந்தாரு."

வாசலில் மணிச்சத்தம். நிமாய் வண்டியை நிறுத்திவிட்டுத் தோளில் துண்டோடு வந்தான்.

"சாக்கு எங்க, பௌதி?"

தமிழரசி காலிச் சாக்கை எடுத்து நீட்டினாள். "இந்தா. இனிமே உனக்கு மூட்டை தூக்குற வேலை இல்ல. கூலி எப்பவும்போல வந்துரும். உக்காரு, உனக்கும் எடுத்து வச்சிருக்கேன்."

நிமாய் சாக்கை உதறினான். உள்ளே கைவிட்டுத் துழாவினான். அண்டாவை எட்டிப் பார்த்தான்.

"சமைச்சிட்டீங்களா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"ஒரு மணி விடாம."

நிமாய் முற்றத்துப் படியில் மெல்ல உட்கார்ந்தான்.

"இங்கேருந்து ஹோமுக்கு, அங்கேருந்து நல்ல அரிசிக்கு மாத்த மண்டல் கடைக்கு, கடையிலேருந்து மாசாமாசம் டப்பாவை ரொப்ப உங்க ஆளுங்க வீட்டுக்குன்னு, பதினோரு வருஷமா அந்த ஒரே மூட்டையைத்தான் சுத்திச் சுத்தி இழுத்துட்டிருக்கேன், அதைத் திங்கலாம்னு இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் தோணலையே, பௌதி!"